ஸ்டெல்லாவுக்குச் சிமிட்டாத மெழுகுவத்தி

ஊரப்பாக்கம் ஸ்டெல்லா இறந்துபோன செய்தி, தாம்பரம் ஸ்டேஷன் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது வந்தது. அவளுடைய அண்ணன்தான் கூப்பிட்டார். "தூக்கத்துலயே போயிட்டா தம்பி. காலையில எழுப்பப் போனா..." வலிப்பு என்றார்கள். நான் ஆபீசுக்குப் போனேன், வேலையும் பார்த்தேன். அழக்கூடத் தெம்பில்லாத ஓர் அலுப்பு. இன்னும் அது விடவில்லை.

நம் விளையாட்டை ஆடிய உங்களில் பலருக்கு அவளைக் குரலாக மட்டுமே தெரியும். பிரவுசரில் வரிசையாக நிற்கும் பொம்மைகளில் ஒன்றுக்கு நீலத் தொப்பி போட்டால் "உம்ம்" என்று ஆரம்பிக்குமே, அது அவள்தான். கோவளத்தில் மீன் ஏலம் கூவுவதைப் பதிவுசெய்து கொண்டுவந்தவளும் அவளே. வெளிநாட்டு விளையாட்டு ஒன்றின் மேல் ஆசைப்பட்டு, நானும் என் நண்பன் பாலாஜியும் நம் ஊர்ச் சத்தங்களை வைத்துச் செய்த ரசிகர் பதிப்பு அது. ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு சத்தம், சேர்த்தால் பாட்டு. அதன் முதல் பதிப்பில் கறுப்புத் தொப்பி போட்டால் திரை சிவப்பும் கறுப்புமாக வெட்டி வெட்டி மின்னும், பொம்மைகள் பேயாகும்.

அதன் கீழே கருத்துப் பெட்டியில், அதுவரை எங்களுக்குத் தெரியாத அவள் எழுதியிருந்தாள்: "பாட்டு சூப்பர். லைட் வெட்டினா எனக்கு ஃபிட்ஸ் வரும். அதனால போனைக் கவுத்துப் போட்டுட்டுக் கேட்டேன்."

தாம்பரத்தில் ஒரு டீக்கடையில் மூவரும் சந்தித்தோம். "லைட் இல்லாம எப்படிக்கா பயமுறுத்துறது?" என்றான் பாலாஜி.

"மெதுவா பயமுறுத்துங்க. எல்லாரும் திரும்பி முதுகைக் காட்டிக்கினு பாடட்டும். நினைச்சாலே எனக்கு உதறுது."

இன்று கறுப்புத் தொப்பி போட்டால் நீங்கள் பார்ப்பது அந்த முதுகுகளைத்தான்.

திரும்பும்போது மின்சார ரயிலில் சாயங்கால வெயில் கம்பங்களுக்கு நடுவே வெட்டி வெட்டி அடித்தது. அவள் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு கண்ணுலயும் அடிச்சாதான் தொல்லை. ஒண்ணை மூடிட்டா சமாளிச்சுக்கலாம்." எதிரில் இருந்த அம்மா கண்வலி என்று நினைத்து ஒரு சொட்டு மருந்தைச் சொன்னார். ஸ்டெல்லா மரியாதையாகப் பெயரைக் கேட்டுக்கொண்டாள்.

புதிய பதிப்பு ஒவ்வொன்றையும் அப்படித்தான், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எங்காவது மின்னுகிறதா என்று முதல் ஆளாக அவளே பார்ப்பாள். வேண்டாம், நாங்களே பார்க்கிறோம் என்று கெஞ்சியிருக்கிறேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அதனாலதான் உங்களுக்குத் தெரியாது," என்பாள்.

விளையாட்டு சப்பென்று இருப்பதாகச் சிலர் குறைப்பட்டபோது, வேண்டுபவர்கள் மின்னலைப் போட்டுக்கொள்ள ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்றான் பாலாஜி. அன்றுதான் அவளுக்குக் கோபம் வந்து பார்த்தேன். "ஒரே கம்ப்யூட்டர்ல எனக்கு முன்னாடி உக்காந்தவன் சுவிட்சைப் போட்டுட்டுப் போனா, பின்னாடி உக்கார்றவ விழுந்தப்புறம்தானே தெரியும்?" சுவிட்ச் பேச்சு அத்தோடு முடிந்தது.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தபின், விளையாட்டின் முகப்பில் வைக்க பாலாஜி ஒரு மெழுகுவத்தி வரைந்து அனுப்பினான். அழகாக இருந்தது. சுடர் படபடத்தது, கூடவே திரை முழுக்க வெளிச்சம் பளிச்சிட்டு அணைந்தது. அழுதுகொண்டே செய்திருப்பான், பாவம். போனில் கூப்பிட்டேன்.

"மச்சான், இதை அவ பாக்க முடியுமாடா?"

"நம்ம ஸ்டெல்லாக்காவுக்கே..." என்றான். பிறகு வைத்துவிட்டான்.

மறுநாள் அசையாத சுடர் வந்தது. அதுதான் இப்போது முகப்பில் இருக்கிறது. சுடர் ஏன் ஆடவில்லை என்று கேட்காதீர்கள்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த உள்ளங்கை. வெளியிடும் முன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுடரைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எனக்குத் தெரியவும் இல்லை.