வில்மா வெட்டிய நாலு நிமிடம்

எங்கள் பிராட்டிஸ்லாவா ஸ்டூடியோவில் எடிட்டர் வில்மாவைப் போல ஒரு வாயாடி கிடையாது. "இந்த ஷாட் தூங்குது, யாராவது எழுப்பி விடுங்க" என்று இயக்குநரின் முகத்துக்கு நேரே சொல்வாள். அங்கே புரொஜெக்டர் ஓட்டும் நான் அவள் வாயடைத்துப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்.

1952-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் துரோகி என்று சொல்லி அவள் அப்பாவைத் தூக்கில் போட்டார்கள். உடலைத் தரவில்லை. அவருடைய பூட்ஸ் மட்டும் தபாலில் வந்தது. பல வருடம் கழித்து அந்த பூட்ஸையே கொடுத்து, அது வந்த கதையை ஒரு படத்தில் காட்சியாக வைக்கச் சொன்னவள் வில்மாதான். ஒரு பெண் பார்சலைப் பிரிக்கிறாள், பூட்ஸைத் துடைக்கிறாள், அடுப்பருகே காய வைக்கிறாள். நாலு நிமிடம், பேச்சே இல்லை. வெளிநாட்டு விழாவில் படத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது.

அதற்குள் 1968 வந்து, எங்கள் நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் புகுந்துவிட்டன. உள்ளூரில் திரையிட இனி தணிக்கைக் குழுவின் அனுமதி வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. படத்தில் வேண்டுமென்றே ஓர் எலும்பைப் போடுவோம். தணிக்கைக்காரர் அதைக் கவ்விக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். கூட்டுப் பண்ணைத் தலைவர் குடித்துவிட்டுப் பன்றிக்குப் பதக்கம் குத்தும் காட்சி ஒன்று வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டுக் கிடந்தது. அதைச் சேர்க்கச் சொன்ன மேதாவி நான்தான்.

குழுத் தலைவர் க்ரஹுலெட்ஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எங்க மாமனாரேதான்யா இது! இருக்கட்டும், ஜனங்க சிரிக்கட்டும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்த பூட்ஸ் எதுக்கு? வெட்டிடுங்க, தோழர் வில்மா. நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள."

வில்மா திறந்த வாயை மூடவில்லை. மறுத்தால் படமே வெளியே வராது. கத்தரியை எடுத்து வெட்டினாள். கத்தரியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எலும்பு போட்டியே எமில், பாத்தியா? உன்னைவிட நாய்க்குப் புத்தி ஜாஸ்தி."

பூட்ஸ் காட்சியைப் பார்க்கக் காத்திருந்த அம்மா யோலானாவிடம், அது வெட்டுப்பட்டதைச் சொல்ல வில்மாவுக்குத் தைரியம் வரவில்லை. முதல் நாள் மதியக் காட்சிக்கு யோலானா அம்மாள் கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பன்றிக் காட்சியில் அரங்கமே அதிர்ந்தது. அவரும் சிரித்தார். படம் முடிந்து விளக்கு எரிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். அவர் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரும்மா" என்றாள் வில்மா.

"இருடி. அப்பா இன்னும் வரலையே."