தம்பிக்காக நின்ற பிணை

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா கம்பசில் படித்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அவருக்கு இங்கிலிஷ் கதைத்துப் பழக்கியது நான்தான்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அவருக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை வந்திருந்தது. எழுத்து இங்கிலிஷ் அவருக்கு நன்றாக வரும். வாய் திறந்தால்தான் சொற்கள் இடம் மாறிவிடும். பின்னேரங்களில் நீர்வேலித் தோட்டத்தில் நான் வாழைகளுக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட, அவர் வரம்பில் நின்று கதைப்பார். சந்தேகம் வந்தால் இடுப்பில் செருகிய அகராதியை எடுத்துப் பார்ப்பேன்.

"மை பிறதர் இஸ் எ குட் குக்கர்."

"டேய், நான் என்ன அடுப்போ? சமைக்கிற ஆள் குக். குக்கர் அடுப்பு."

"உங்களுக்கென்ன அண்ணை, கையிலை புத்தகம். நான் வெறுங்கையோடையெல்லோ கதைக்கிறன்."

அந்தச் சண்டை நாளில் குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. வேறு ஆளில்லை, நான் கையெழுத்து வைத்தேன். உங்கள் அம்மா தலைப்பிள்ளைப் பேறுக்குக் குடாநாட்டுக்கு வெளியே, வவுனியாவில் தாய்வீட்டில் இருந்தா. பேறுக்கு முன் நான் அங்கே போய்ச் சேர வேண்டும். தம்பி நேர்முகப் பரீட்சையில் தோற்றால் திரும்பி வருவார், நான் போகலாம். வென்றால் அப்படியே வெளிநாடு போய்விடுவார், நான் இங்கேதான்.

கடைசிப் பின்னேரம் தன் சைக்கிளைக் கூட்டாளிக்கு இரவல் கொடுத்த கதையைச் சொன்னார். 'பொரோ' என்ற சொல்லைப் போட்டார். அகராதியில் பார்த்தேன். அது இரவல் வாங்குவதற்கான சொல்.

"சரியோ அண்ணை?"

"ஓம், சரி."

பிழை என்று தெரிந்துதான் சொன்னேன். ஒரு சொல்லால் யாரும் தோற்பதில்லை என்று இன்று விளங்குகிறது. அன்று வெளியே போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் அவரை வள்ளம் ஏற்றக் கிளாலிக்குச் சைக்கிளில் போனோம். சாவகச்சேரியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம்.

"டேய், நேற்று நான் சொன்னது பிழை. இரவல் குடுக்கிறதுக்கு லெண்ட்."

"நேற்றே ஏன் சொல்லேல்லை?"

நான் தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க எழும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் போகாமல் விடட்டோ?"

"விசர்க்கதை கதையாதை. எங்கை, அந்தச் சைக்கிள் கதையை முதலிலையிருந்து சொல்லு பாப்பம்."

கிளாலி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு, அடுத்த நாளே கொழும்புக்குத் திரும்பிப் போகவிருந்த ஒருவர் கையில் அவருடைய கடிதம் வந்தது. தெரிவாகிவிட்டார். பத்து நாளில் விமானம். 'நீங்கள் சொன்னால் எல்லாவற்றையும் விட்டிட்டு வந்துவிடுவேன்' என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் பாஸ் கொடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்த பெடியன் இரண்டு தரம் வாசித்தான்.

"தம்பியார் வந்தால்தான் அண்ணை உங்களுக்குப் பாஸ்."

உங்கள் அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினேன்.

'நீ போ. பறக்க முன்பு வவுனியாவுக்குப் போய், பேறுக்கு நான் வரமாட்டேன் என்று அண்ணியிடம் நேரில் சொல்லிவிடு. என்னால் அதை எழுத முடியவில்லை.'