வாலில் ஒட்டிய சுழிகள்

ஹைட்ரூன் ஐம்பத்து மூன்று வயதில் புது வேலைக்கு வந்தவள். அதுவரை எபிங்கன் ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் விற்பனைக்கு நின்றாள்; கடையை மூடிவிட்டார்கள். கணினி வகுப்புக்குப் போய், வால்வு செய்யும் ஆலையின் வரைபடப் பிரிவில் எப்படியோ இடம் பிடித்தாள். ஆறு மாதச் சோதனைக் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்று தெரியவில்லை.

வேலை நிரந்தரமானால் புதியவர்தான் எல்லோருக்கும் பிரெட்செல் என்னும் முடிச்சு ரொட்டி வாங்கித் தர வேண்டும். பக்கத்து மேசை ஃபோல்க்மார் விடாமல் நச்சரிப்பான்.

"என்ன ரொட்டிக்கடைக்காரி, பிரெட்செல் எப்போ?"

"முதல்ல வேலை நிக்கட்டும். அப்புறம் உன் வாய அடைக்கிறேன்."

அளவுப் பட்டியல் அவள் பொறுப்பு. எங்கள் பக்கம் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமாதான். 2,5 என்றிருந்தால் பட்டறைக்காரன் ஏனோதானோவென்று கடைவான். 2,500 என்றிருந்தால், மூன்றாம் தசமம் வரை துல்லியம் வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைவான். பாழாய்ப்போன கணினியோ கடைசியில் வரும் பூஜ்யச் சுழிகளை விழுங்கிவிடும். அதற்கு ஹைட்ரூன் ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள்: எண்ணை எண்ணாக அடிக்காமல் வெறும் எழுத்தாக அடித்துவிடுவது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அன்னெகிரெட், மொத்த நீளத்தைச் சரிபார்க்கப் பட்டியலின் அடியில் ஒரு கூட்டல் போட்டாள். விடை சுழி.

"நம்ம வால்வுக்கு நீளமே இல்லையாம்," என்றான் ஃபோல்க்மார்.

"யார் அடிச்சது?" என்றாள் அன்னெகிரெட்.

"நான்தான்." ஹைட்ரூன் எழுந்து நின்றாள். "சுழி போயிடக் கூடாதேன்னு எழுத்தா அடிச்சேன். எழுத்தைக் கூட்டாதுன்னு தோணவே இல்ல."

"மத்தியானம் இது வாடிக்கையாளருக்குப் போயாகணும்."

ஹைட்ரூன் கட்டங்களுக்கு மூன்று தசமம் என்று வடிவம் கொடுத்துப் பார்த்தாள். கூட்டல் அசையவில்லை. பழையதை அழித்துவிட்டு, முதல் கட்டத்தில் வெறும் 2,5 என்று அடித்தாள். அது தானாகவே 2,500 ஆகி நின்றது. கூட்டலும் உயிர் பெற்றது. அடக் கடவுளே, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. ஃபோல்க்மார் நாற்காலியை நகர்த்தி வந்து வரைபடத்திலிருந்து அளவுகளை வாசித்தான், ஒருமுறைகூடக் கேலி செய்யாமல். பட்டியல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மாலையில் அன்னெகிரெட் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஹைட்ரூனின் மேசையருகே வந்தாள்.

"திங்கக்கிழமை பிரெட்செல் கொண்டு வந்துடுங்க ஹைட்ரூன். வெண்ணெய் தடவினது."

ஹைட்ரூனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. கண் நிறைந்துவிட்டது.

"எத்தனை பேருக்கு?"

"பதினோரு பேருக்கு. கமாவுக்குப் பின்னால ஒண்ணும் வேணாம்."