அக்கரையில் விட்ட நாய்

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. அதனால் என்ன குறைந்துவிட்டது? ஒகேனக்கல் பரிசல் துறையில் நாலு பரிசலும் ஒரு மீன் வறுவல் கடையும் சொந்தமாக வைத்தேன். பென்னாகரத்தில் மாடி வீடு கட்டினேன். தண்ணீரின் மேல்தோலைப் பார்த்தே சுழி எங்கே, பாறை எங்கே என்று சொல்லிவிடுவேன். எம்.ஏ. படித்தவனைக் கூட்டிவந்து சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம். நான் துடுப்புப் போட்ட பரிசல் ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை கிடையாது.

போன மாதம் எங்கள் எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். பீரோ போனது, கட்டில் போனது, துளசித் தொட்டிகூட வண்டி ஏறிப் போனது. அவர்கள் ஆசை ஆசையாக வாங்கி வளர்த்த நாய் மட்டும் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றது. அதைப் பார்த்த அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால், முதலில் என்னைத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது எனக்கு ஒரே ஒரு பரிசல். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஓடுகிற தண்ணீரைத் தாண்டிவிட்டால் நாய்க்கு மோப்பம் அறுந்துபோகும், பழைய வீட்டை மறந்துவிடும் என்பார்கள். தெருமுனையில் விட்டால் திரும்பி வரும், பக்கத்து ஊரில் விட்டால் இரண்டு நாளில் வரும், காவிரிக்கு அக்கரையில் விட்டால் வராது. அதனால் பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் சாக்கோடு வருவார்கள். கோழி பிடிக்கப் பழகிய நாய், கிழடு தட்டிய நாய், யாரும் கேட்காத பொட்டைக் குட்டிகள். அடித்துக் கொன்றால் பாவமாம், பரிசலில் அனுப்பினால் பாவம் இல்லையாம். காவிரித் தாயின் கணக்கில் எழுதிவிட்டு, தலை முழுகி, மீன் வறுவல் தின்றுவிட்டுப் போவார்கள்.

நான்தான் கொண்டுபோய் விடுவேன். மற்ற பரிசல்காரர்கள் அந்த வேலைக்கு முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை.

"என்னா மாமா, இன்னிக்கும் சாக்கு சவாரியா?" என்பான் பக்கத்துப் பரிசல்காரன்.

"ஆமாடா. உன் சவாரி மாதிரி எந்திரிச்சி நின்னு ஆட்டம் போடாது பாரு," என்பேன்.

நான் விட்ட நாய் ஒன்றுகூடத் திரும்பியதில்லை என்று கடைக்குக் கடை பீற்றிக்கொண்டேன். அக்கரையில் கர்நாடகக் காடு. அங்கே பசி இருந்தது, சிறுத்தை இருந்தது. திரும்பாததற்குக் காரணம் மோப்பம் அறுந்தது அல்ல. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பீற்றினேன்.

தருமபுரியில் ஒரு அதிகாரி இருந்தார். எந்த இலாகா என்பதை விடுங்கள், ஜீப் வைத்திருந்தார், போதும். அவர் வீட்டுக்கு மாதம் இரண்டு முறை நல்ல மீனாகப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பதவி உயர்வு வந்தபோது அவர் பெங்களூரிலிருந்து ஒரு பொமரேனியன் நாயை வாங்கி வந்திருந்தார். வெள்ளை வெளேர் என்று பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும். வருகிறவர்களிடம் எல்லாம் அதன் விலையைத்தான் முதலில் சொல்லுவார். அது சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும். நான் மீன் கூடையோடு வாசற்படிக்கு வெளியே நிற்பேன். உள்ளே வா என்று அந்த வீட்டில் என்னை ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. அந்த நாய்மேல் எனக்குப் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோடை தாண்டியது. தருமபுரி வெயிலில் அந்தக் கம்பளி மயிர் என்னத்துக்கு ஆகும்? சொறி பிடித்தது. முதுகில் திட்டுத் திட்டாக முடி கொட்டியது. சோபாவிலிருந்து வராந்தாவுக்கு வந்தது. வராந்தாவிலிருந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போனது. அப்புறம் அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் தனியாக ஜீப்பில் ஒகேனக்கல் வந்தார். பின்சீட்டில் நாய்.

"ஏம்ப்பா, நீ அக்கரையில கொண்டுபோய் உடுவியாமே? புது ஊர்ல அடுக்கு வூடு. இதை வெச்சிக்க முடியாது."

"உட்டுட்டாப் போச்சுங்க சார். சாக்கு இருக்குதுங்களா?"

"சாக்கு எதுக்கு? அது சமத்தா உக்காந்துக்கும்."

சமத்தாகத்தான் உட்கார்ந்தது. நான் துடுப்புப் போட்டபோது அது அக்கரையைப் பார்க்கவே இல்லை. கரையில் நின்ற அவரையே பார்த்துக்கொண்டு வந்தது. பரிசல் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றிச் சுற்றி அவர் பக்கமே திரும்பி உட்கார்ந்தது. அக்கரையில் ஒரு சப்பட்டைப் பாறையில் இறக்கிவிட்டு வந்தேன். நான் திரும்புவதற்குள் அதிகாரி அருவியில் குளித்து உடை மாற்றியிருந்தார். கழற்றிப்போட்ட டெரிலின் சட்டையைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"வெச்சுக்கோ. ரெண்டு தரம்தான் போட்டிருப்பேன்."

அதுதான் கூலி. எனக்கு வாயெல்லாம் பல். அப்படி ஒரு சட்டையை நான் அதுவரை தொட்டதுகூட இல்லை. துவைத்தால் மினுமினுப்புப் போய்விடும் என்று துவைக்காமலே மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

மற்ற நாய்களை இறக்கிவிட்டால் காட்டுக்குள் ஓடிவிடும். இது ஓடவில்லை. அந்தப் பாறையிலேயே எங்கள் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மோப்பம் அறுந்துபோகும் என்று சொன்ன புத்திசாலிகளில் ஒருத்தனுக்கும் நாய்க்குக் கண் இருக்கிறது என்பது உறைக்கவில்லை. எனக்கும்தான். ஒவ்வொரு சவாரியும் அந்தப் பாறையைத் தாண்டித்தான் போக வேண்டும். "யாரு நாய்ங்க அது?" என்று சவாரிக்காரர்கள் கேட்டார்கள். "மேல ஊரு நாய்ங்க," என்று வாய் கூசாமல் சொன்னேன். அக்கரையில் வலை போடுகிற கன்னடக்காரர் ஒருத்தர் கருவாடு கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கையைக் கடித்துவிட்டது. "ஈ நாயி நிம்தேனா?" என்று கட்டுப் போட்ட கையை என்னிடம் நீட்டிக் கேட்டார். உன் நாய்தானே என்கிறார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று முதலில் துறைக்குத்தான் வந்தேன். தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. மைசூர்ப் பக்கம் மழை, மேலே அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பரிசல்களை எல்லாம் கவிழ்த்துவைத்துவிட்டார்கள். அக்கரைப் பாறையைச் சுற்றித் தண்ணீர் ஏறிவிட்டது. நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு.

கடையில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த என் சம்சாரம் கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"போயி தூக்கிட்டு வா."

"தண்ணி வருது, கண்ணு தெரியலியா உனக்கு? நாய்க்காக நான் சாவட்டுமா?"

"என்னமோ ஒகேனக்கல்லுல உன்ன உட்டா துடுப்புப் போட ஆளே இல்லன்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரியற. அது பொய்யின்னா சொல்லிடு. நான் போயி மீனப் பாக்கறன்."

இரண்டு பரிசல்காரர்கள் சிரித்தார்கள். அதற்கு மேல் நான் நிற்க முடியுமா? பரிசலைத் திருப்பிப் போட்டேன். மேலே வெகுதூரம் கரையோரமாக இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து ஓட்டத்தில் விட்டு, சாய்வாக வெட்டி, பாறைக்குக் கீழ்ப்புறம் ஓட்டம் அடங்கியிருக்கும் நிழல் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வெள்ளத்தில் அதை வேறு ஒருத்தன் செய்திருக்க முடியாது. இதை இன்றைக்கும் சொல்வேன்.

வலைக்காரரைக் கடித்த நாய், என்னைக் கண்டதும் தாவி மடியில் விழுந்தது. ஒட்டி ஒட்டி மூக்கை என் மார்பில் தேய்த்தது. முனகியது. எனக்கு ஒரே கர்வம். ஜீவன்களுக்கு என்னைத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். கரை வந்து சேர்ந்த பிறகும் அது என் சட்டைக் காலரை விடாமல் முகர்ந்துகொண்டிருந்தது. என் சம்சாரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

"உன்ன இல்ல. சட்டைய."

காவிரியைத் தாண்டி, மூன்று நாள் பட்டினி கிடந்து, மூக்கு வரைக்கும் தண்ணீர் ஏறிய பிறகும், எறிந்தவனின் வியர்வை அதற்கு மறக்கவில்லை. மறந்தது யார்? ஜீப்பில் போனவர்தான்.

நிச்சயதார்த்தம் எங்கே போனதோ. அதே சட்டையோடு, நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தருமபுரி பஸ் ஏறினேன். அதிகாரி வீட்டு வாசலில் லாரியில் சாமான் ஏற்றி முடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் வழியனுப்ப வந்து மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றார்கள். நாயைக் கீழே விட்டேன். அது ஓடிப்போய் அவர் கால்மேல் உருண்டது.

"சார், உங்க நாயிங்க. வெள்ளத்துல மாட்டிக்கிச்சு."

அவர் காலை இழுத்துக்கொண்டார். "யாருப்பா நீ? இது எங்க நாய் இல்ல. எங்க நாயை ஒரு தோட்டக்காரருக்குக் கொடுத்தாச்சு. இந்த ஜாதி நாயெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவருக்கு எத்தனை மீன் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். யாருப்பா நீயாம்.

அதிகாரியின் மனைவி ஜீப் பக்கத்தில் நின்றிருந்தார். நாயைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் மார்பில் ஒரு இடத்தில் அவர் கண் நின்றது.

"ஏங்க, இது உங்க சட்டை இல்ல? இந்தப் பொத்தான் நான் தெச்சதுதானே. கறுப்பு நூல்ல."

வழியனுப்ப வந்த கூட்டம் என் சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அந்த அம்மா குனிந்து நாயின் தலையைத் தடவினார். கண்ணீர் பொலபொல என்று கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு அவரும் ஜீப்பில் ஏறிவிட்டார். கல்நெஞ்சுக்காரனையாவது மன்னிக்கலாம். அழுதுகொண்டே விட்டுவிட்டுப் போகிறவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்தக் கண்ணீர் நாய்க்கு ஒரு வாய் சோறு ஆகுமா?

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. சட்டையைக் கழற்றினேன். கிளம்புகிற ஜீப்பின் பின்னால் எறிந்தேன். "உன் சட்டையும் வேணாம், நீயும் வேணாம், போடா," என்று தெருவே கேட்கக் கத்தினேன். சட்டை ஜீப்பில் படாமல் சாக்கடை ஓரம் விழுந்தது. பனியனோடு நாயைத் தூக்கப் போனேன்.

அது என்னைக் கடித்தது. சட்டை இல்லாமல் நிற்கிற என்னை அதற்கு யாரென்றே தெரியவில்லை. ஜீப் போன திக்கில் ஓடியது. தெருமுனை வரைக்கும் துரத்திப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். மறுபடியும் கடித்தது. ஆபீஸ் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தனை பேர் எதிரில் வீசிய சட்டையை, அத்தனை பேர் எதிரில் போய்க் குனிந்து பொறுக்கினேன். என் ஆயுசில் எவன் காலிலும் நான் அப்படிக் குனிந்ததில்லை. சேற்றோடு அதை உதறிப் போட்டுக்கொண்டு முனையில் போய் உட்கார்ந்தேன். நாய் வெகுநேரம் பார்த்தது. பிறகு வந்து மடியில் ஏறியது.

பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்தினார். "யோவ், நாய்க்கும் டிக்கெட் வாங்கு."

"குடுங்க. எனக்கு அரை டிக்கெட், அதுக்கு முழு டிக்கெட்."

"அது ஏன்யா?"

"எங்க ரெண்டு பேருல அதுதான் ஆளு."

எங்கள் கடையில் அது ஆறு வருசம் இருந்தது. என் சம்சாரம் வேப்பெண்ணெய் தடவித் தடவிச் சொறி போயிற்று, முடி வளர்ந்தது. அந்தச் சட்டையில்தான் படுக்கும். ஒருமுறை தெரியாமல் துவைத்துப்போட்டோம். இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கப்புறம் அந்தச் சட்டையில் சோப்புப் படவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் கடைசிவரை எழுந்து நின்றது. சாக்கோடு வந்தவர்களை நான் துடுப்பால் விரட்டினேன். அக்கரையில் அதற்கு முன் நான் இறக்கிவிட்டவை எத்தனை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன்.

எதிர்வீட்டுக்காரர்களுக்குப் போன மாதம் போன் போட்டேன். "யாராவது பாத்துப்பாங்க அங்கிள்," என்றான் அந்த மகராசன்.

"நான் பாத்துக்கறன். உங்க வூட்டுப் பழைய துணி ஒண்ணு அனுப்பு. துவைக்காம அனுப்பு."

கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பான். போனை வைத்துவிட்டான்.

அவர்கள் கொட்டிவிட்டுப் போன குப்பையை நானே கிளறினேன். பெங்களூரில் கடை வைத்திருக்கிற மகனுக்குத் தகப்பன் நான், நடுத்தெருவில் குப்பையைக் கிளறினேன். வாசலில் போட்டுக் கால் துடைத்த மிதியடி ஒன்று கிடைத்தது. எடுத்துவந்து எங்கள் கேட்டுக்கு உள்ளே விரித்தேன். நாய் மெதுவாக வந்து முகர்ந்தது. அதன்மேல் படுத்துக்கொண்டது, பூட்டிய வீட்டைப் பார்த்தபடி.