பாதி ஊசி

போன வாரம் என் மகள் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். எந்த நாட்டு அம்மாளோ தெரியவில்லை. தடிமனான போர்வை ஒன்றைத் தையல் மெஷினில் கொடுத்து, கண்ணாடி போன்ற ஒரு ஸ்கேலை இடது கையால் அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாகவே ஊசியை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். சிப்பி விழுந்தது, அலை விழுந்தது. பிறகு ஸ்கேலைத் தூக்கி வைத்துவிட்டு, வெறும் கையால் போர்வையை இப்படியும் அப்படியும் வழுக்கவிட்டு ஒரு இறகு வரைந்தாள். மகள் வாய் பிளந்து பார்த்தாள். நான் அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கேலு மெலிசா இருந்துடப்போவுது, பாத்துக்கம்மா" என்று அந்த அம்மாளை எச்சரித்தேன்.

"உனக்குத் தையல் தெரியுமாப்பா?"

"தெரியாது. ஆனா ஒரு தடவ தச்சிருக்கேன்."

அந்த ஒரு தடவை நடந்தது நெய்வேலியில், நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மார்கழியில்.

அப்பா சுரங்க அலுவலகத்தில் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். அம்மா வீட்டில் ஒட்டுப் போர்வை தைப்பாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் கைலி நெய்கிறவர்களிடமிருந்து வந்த துண்டுகள், பழைய புடவை, அப்பாவின் நைந்துபோன நீல யூனிபார்ம் சட்டை எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் ஒரு பழைய போர்வை, அடியில் மெத்தென்ற துணி என்று மூன்றடுக்காக வைப்பாள். மூன்றும் நழுவாமல் இருக்க மேலே கோலம் கோலமாகத் தையல் ஓட்டுவாள். அதுதான் அவளுடைய வித்தை.

எங்கள் மெஷின் காலால் மிதிப்பது. ஊசிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பற்கள் துணியை நேராகத் தள்ளிக்கொண்டே போகும். ஷிப்ட் பஸ் மாதிரி. போட்ட வழியை விட்டு விலகாது. வளைத்து நெளித்துத் தைக்க வேண்டுமானால் அந்தப் பற்களின் வாயை மூட வேண்டும். அம்மா அதற்கு அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பயன்படுத்தினாள். ஏதோ ஒரு வருட மெடிக்கலில் எடுத்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, ஊசி இறங்க ஓட்டை போட்டு, பற்களின் மேல் ஒட்டிவிட்டாள். அப்பாவின் இடது விலா எலும்புகளின் மேல்தான் எங்கள் வீட்டுப் போர்வைகள் எல்லாம் வழுக்கிப் போயின.

துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்குப் பதிலாக ஊசியைச் சுற்றி ஒரு பித்தளை வளையம். அடுத்த பிளாக்கில் இருந்த பிட்டர் மாமா பழைய மெஷின் புஷ் ஒன்றைக் கடைந்து செய்து கொடுத்தது. அம்மா கையில் வைத்திருக்கும் ஸ்கேல்களும் அவர் தயவுதான். கால் அங்குலத் தடிமனில் பைபர் துண்டுகள், ஒன்று பிறை, ஒன்று அலை, ஒன்று நேர். ஸ்கேலின் ஓரத்தில் பித்தளை வளையம் உரசிக்கொண்டே போகும். ஊசி வளையத்துக்குள் பத்திரமாக இருக்கும். இதில் தடிமன் ஏன் முக்கியம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த மார்கழியில் அத்தை, அப்பாவின் தங்கை, பிரசவத்துக்கு வந்திருந்தாள். நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தாய் வீடு என்று அவளுக்கு இருந்தது எங்கள் குவார்ட்டர்ஸ்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்காக அம்மா ஒரு சின்னப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். அதன் நடுச் சதுரத்துக்கு அப்பாவின் நீலச் சட்டையை வெட்டினாள். அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னா அண்ணி, எம் புள்ளய மைன்ஸ் சட்டையிலயா படுக்க வெக்கப்போறீங்க?"

அத்தை விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ. அம்மா சுவரைப் பார்த்து, "வேணான்னா கடையில வெல்வெட்டு கெடைக்கிது, வாங்கிக்கட்டும்" என்றாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. போர்வைத் தையல் நிற்கவில்லை. எனக்கும் வேலை கிடைத்தது.

ஒரே அடுப்படியில் இரண்டு முழ இடைவெளியில் நின்றுகொண்டு, "ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லுடா ஒங்கம்மாகிட்ட" என்பாள் அத்தை. நான் அம்மா பக்கம் திரும்பி, "ரசத்துல உப்பு கம்மியாம்" என்பேன். "போட்டாச்சின்னு சொல்லு" என்பாள் அம்மா. ஒரு செய்திக்கு ஒரு பிஸ்கட் என்று அத்தை வைத்திருந்தாள். வாரக்கணக்கில் ஓடிய வேலை. காண்ட்ராக்ட்தான் என்றாலும் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தைக்கு வலி கண்டது. அப்பாவும் அம்மாவும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பக்கத்து வீட்டு மாமி அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டில் நான், மெஷின், மெஷினில் மாட்டியபடியே இருந்த போர்வை. சுற்றிலும் கோலம் முடிந்து, நடுவில் இருந்த நீலச் சதுரம் மட்டும் காலியாக என்னைப் பார்த்தது.

அதில் சுரங்கத்தில் மண் அள்ளும் ராட்சதச் சக்கரத்தைத் தைப்பது என்று முடிவு செய்தேன். பிறக்கப்போகிறவனுக்கு என் அன்பளிப்பு. பையன் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அம்மாவின் பைபர் பிறை என் சக்கரத்துக்குப் பெரிதாக இருந்தது. அப்பாவின் மேஜையில் அவருடைய சொந்த பிரெஞ்சு கர்வ் இருந்தது. வளைகோடு போடுகிற பிளாஸ்டிக் தகடு. மெல்லிசாக, வழவழவென்று, என்ன வளைவு கேட்டாலும் கொடுக்கும். அதை எடுத்து வைத்து மிதித்தேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. பிறகுதான் தெரிந்தது, காலுக்கு ஒரு மூளை, கைக்கு ஒரு மூளை, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கால் பறந்தது, கை நின்றது. கை பறந்தது, கால் யோசித்தது. சக்கரம் இட்லியாகி, இட்லி பூசணிக்காயாகிக்கொண்டிருந்தபோது, மெல்லிசான அந்தத் தகடு நைசாகப் பித்தளை வளையத்துக்கு அடியில் நுழைந்துவிட்டது. ஊசி நேரே அதன் தலையில் இறங்கியது.

டக்.

மேலே பாதி ஊசி இருந்தது. கீழ்ப்பாதியைக் காணோம்.

மெஷின் மேல் தேடினேன், தரையில் தேடினேன், தலைமுடியில்கூடத் தேடினேன். இல்லை. அப்படியானால் அது ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். மூன்றடுக்குப் போர்வையின் நடு அடுக்கில், நுனியைத் தீட்டிக்கொண்டு, ஒரு பச்சைக் குழந்தைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு நான் செய்த காரியங்கள் எல்லாம் மகா புத்திசாலித்தனமானவை. நுனி பிசிறிய கர்வை மேஜையில் வைத்தேன். மெஷினில் மிச்சமிருந்த பாதி ஊசியைக் கழற்றிச் செம்பருத்திச் செடிக்கு அடியில் எறிந்தேன். ஊசியே இல்லாத மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, ஒரு தடயமும் இல்லை என்று நம்பினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குச் சோறு எடுத்துப்போக அம்மாவோடு வந்த அப்பா, "பொண்ணு பொறந்திருக்கு" என்றார். நான் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மெஷினில் புது ஊசி இருந்தது. தானாக முளைத்திருக்கும் என்று நம்பிக்கொண்டேன். அந்த நிலைமையில் நான் எதையும் நம்புவேன். இரண்டு நாளில் போர்வை முடிந்து, மடித்துப் பாயின் மேல் உட்கார்ந்துவிட்டது.

பதினோராம் நாள் தொட்டில் போடுவதாகச் சொன்னார்கள். எனக்கு அதுவரைதான் அவகாசம். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கிப் போர்வை முழுக்கத் தேய்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. காந்தத்துக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானித்தேன். கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, போர்வையை விரித்து, அதன்மேல் அங்குலம் அங்குலமாக உருள ஆரம்பித்தேன். ஊசி யாரையாவது குத்தித்தான் தீரும் என்றால், அது என் முதுகாக இருக்கட்டும்.

"என்னடா பண்ற?" என்றாள் அம்மா, வாசற்படியிலிருந்து.

"குளுருதும்மா."

"குளுருனா சட்டயப் போட்டுக்கடா."

நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தினமும் உருண்டேன். முதுகு, வயிறு, கன்னம். எங்கேயும் குத்தவில்லை. குத்தாத ஒவ்வொரு நாளும் பயம் கூடியது; என்னைக் குத்த மறுக்கிறது என்றால் அது வேறு யாருக்கோ உறுதி கொடுத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? நடுவில் போலீஸ் வந்து என்னை ஜீப்பில் ஏற்றிப் போவதையும், ஹெட்மாஸ்டர் பிரேயரில் என் பெயரைச் சொல்வதையும் பலமுறை ஒத்திகை பார்த்து முடித்திருந்தேன்.

தொட்டில் போடும் நாளும் வந்தது. நெல்லிக்குப்பத்திலிருந்து அத்தையின் மாமியார் புதுத் தொட்டிலோடு வந்துவிட்டார். கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா போர்வையைக் கொண்டுவந்து நீட்டினாள். வழக்கமாக நடுவில் நிற்கும் என்னை இருவரும் தேடினார்கள். நான் கதவோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அத்தை தானே கை நீட்டி வாங்கி, தொட்டிலில் விரித்தாள். குழந்தையை மடியிலிருந்து தூக்கினாள்.

நான் ஓடிப்போய்ப் போர்வையை உருவிக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"பாத்தியா" என்றார் அத்தையின் மாமியார். "ஒத்தப் புள்ளயா வளந்துது. இன்னொண்ணு வந்தா பொறுக்குமா?"

"எழுந்திருடா. எம் பொண்ணு படுத்தா ஒனக்கு என்னாடா கொறஞ்சி போச்சி?" என்றாள் அத்தை. நான் அசையவில்லை. அவள் கண் கலங்கி அம்மா பக்கம் திரும்பினாள். "குடுக்க மனசு இல்லன்னா தச்சே இருக்க வேணாமே அண்ணி. இதுக்குப் புள்ளய ஏவி விடணுமா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அத்தை அம்மாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பழி என்னைத் தாண்டி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது எனக்கே தெரிந்தது. ஜீப்பு, ஹெட்மாஸ்டர், பிரேயர் எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"அம்மா ஒண்ணும் சொல்லல. நாந்தான் மெஷின ஓட்டினேன். ஊசி ஒடஞ்சி உள்ள போயிடுச்சி. பாப்பாவ குத்திடும்."

அத்தை குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அம்மா உள்ளே போய் ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தாள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடி எடுத்து முழு ஊசியாகச் சேர்த்துப் பார்க்காமல் தூக்கிப்போட மாட்டாள். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூட அது என் நினைவுக்கு வரவில்லை. தீப்பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். செம்பருத்தி மண் ஒட்டிய மேல்பாதி. அதோடு பொருத்தி வைத்தாள், கீழ்ப்பாதி. முடி அளவு இடைவெளி இல்லை. முழு ஊசி.

"எங்க அண்ணி இருந்துச்சி?"

"ஒங்க அண்ணன் நெஞ்சில."

அத்தைக்குப் புரியவில்லை. அம்மா மெஷினைக் காட்டினாள். "அந்த எக்ஸ்ரேயில குத்திகினு நின்னுச்சி. எடது பக்க எலும்புல. துணியத் தூக்கினதும் பளிச்சின்னு தெரிஞ்சிது."

"எப்பப் பாத்தீங்க?"

"அன்னிக்கி சாயங்காலமே. ஊசியில்லாத மெஷின மூடி வெச்சிட்டுப் போயிருக்கான், பெரிய திருடன்."

அத்தை சிரித்துவிட்டாள். குழந்தை குலுங்கியது. "அப்பறம் ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"தானா வந்து சொல்லுவான்னு பாத்தேன். இவன் என்னடான்னா சட்டயக் கழட்டிட்டு உருள்றான்."

கூடமே சிரித்தது. என் உடம்பிலிருந்து ஒரு மூட்டை லிக்னைட் கரியை இறக்கி வைத்தது போல இருந்தது. மானம் போனதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. குழந்தையை ஒன்றும் குத்தப்போவதில்லை. நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதுகொண்டே.

அத்தை குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, போர்வையை எடுத்துப் பாயில் விரித்தாள். ஒரு ஓரத்திலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். அம்மா எதிரில் உட்கார்ந்து மறு ஓரத்திலிருந்து தடவ ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"அதான் முழு ஊசியும் இருக்குல்ல. இன்னும் என்னா தேடுறீங்க?"

இரண்டு கைகளும் நடுவில் நீலச் சதுரத்தில் வந்து சந்தித்தன. பத்து நாளாக ஊசியை மட்டுமே தேடிய என் கண்ணில் அப்போதுதான் பட்டது, என் பூசணிக்காய் அப்படியே இருந்தது. கோணல் தையல் ஒன்றைக்கூட விட்டுவைக்காத அம்மா, அதைப் பிரிக்கவில்லை. தடித்த ஸ்கேல் வைத்து அதைச் சுற்றி ஒரே அளவில் கதிர் கதிராகக் கோடு போட்டு, அது வேண்டுமென்றே தைத்தது போல ஆக்கியிருந்தாள்.

"இது என்னா அண்ணி, சூரியனா?"

"மைன்ஸ் சக்கரம். எங்கிட்ட சொல்லல, பாத்து நானே தெரிஞ்சிகிட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அத்தை, நீலத் துணியின் மேலிருந்து கையை எடுக்காமல். அம்மாவும் எடுக்கவில்லை. அதன்மேல்தான் என் அத்தை மகள் முதன்முதலாகத் தொட்டிலில் படுத்தாள். உடனே நனைத்தும் வைத்தாள்.

அப்பா மட்டும் பல வருஷம் அந்த கர்வை வைத்துக் கோடு போடும்போதெல்லாம் ஒரே இடத்தில் பேனா துள்ளுவது ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வழக்கம் போல அடுப்படி வாசலில் போய் நின்றேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவும் அத்தையும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமா அத்த?"

"ஒண்ணும் இல்ல. நீ போயி வெளாடு."

அதன் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. பிஸ்கட்டும் நின்றுவிட்டது. ஊசியை உடைத்ததற்குத் தண்டனையாக வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் என்னைக் கழற்றிவிட்டிருக்க வேண்டும் என்பது வரைக்கும் சரியாகவே கண்டுபிடித்திருந்தேன்.