ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காலேஜ்

எங்கள் தெருப் பெண்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் தெரியக்கூடாது. பையன் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பெண் எட்டாவது. பையன் எட்டாவது என்றால் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். பெண் ஒரு படி கீழே நின்றால்தான் குடித்தனம் நடக்கும் என்பது பெரியவர்களின் கணக்கு. தரகர் வந்து உட்கார்ந்ததும் இரண்டு மூன்று வகுப்புகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவார்கள். அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. வயதைக் குறைத்துச் சொல்வது மாதிரி அதுவும் ஒரு சம்பிரதாயமாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருந்தேன். மேலே படிக்க வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். காவிரிக்கு அந்தப் பக்கம் டவுனில் காலேஜ்களுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே கேட்ட ஃபீஸ் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அதைவிடப் பெரிய தடை பாலம். அப்பாவுக்கு ஆற்றைக் கண்டால் பயம். பஸ் பாலத்தில் ஏறியதும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அக்கரை வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி செருமுவார். நாங்கள் சிரித்தால் கோபம் வரும்.

"தினம் ரெண்டு தடவை பாலத்தைத் தாண்டி ஒரு பொண்ணு போய்ட்டு வர்றதா? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கிறதா? நான் இங்க வகுப்புல நிம்மதியா உக்காந்து பாடம் நடத்த முடியுமா?" என்பார்.

அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கமே, குறைந்த ஃபீஸில், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் நடந்தே போய்ப் படிக்கும்படி ஒரு காலேஜ் வேண்டும் என்று அவரும் இன்னும் சில பெரியவர்களும் சேர்ந்து சர்க்காருக்கு மனு எழுதினார்கள். தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. காப்பி கொடுத்துக் கையெழுத்தும் போட்டார்கள். நிஜமாகவே இங்கே காலேஜுக்குத் தேவை இருக்கிறதா என்று நேரில் பார்க்க ஒரு கமிட்டி வரும் என்று பதில் வந்தது. திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வருகிறது, அங்கேயும் ஒரு காலேஜ் கேட்கிறார்கள், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று அப்பா வேறு வந்து சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும். அந்த நாட்களில் எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. காலேஜ் வராமல் போய்விடுமோ என்பது ஒன்று. அதற்குள் லால்குடி முந்திக்கொண்டுவிடுமோ என்பது இன்னொன்று. லால்குடியிலிருந்து ஒரு வரன் வந்து, பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போயிருந்தார்கள். மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர். அதனால் அம்மா என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கடுதாசி படிக்கத் தெரியுமில்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "அது போதும்" என்றார்.

ஒருநாள் காலையில் தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. அப்பா அன்றைக்கு லீவு போட்டு, வெளுத்த வேட்டி கட்டி, அவர்களை வரவேற்கப் போயிருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பெரிய அதிகாரி ஒருவர், கூட இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் காகிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வந்த குமாஸ்தா, அந்த லால்குடித் தாய்மாமன்.

"இந்த மனுஷனுக்கு இந்த ஆபீஸ்லதானா வேலை கிடைக்கணும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கமிட்டி ஒவ்வொரு வீடாக ஏறியது. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பையன்கள், பெண்கள் யார் யார் என்பதுதான் கேள்வி. பையன்களைப் பற்றிச் சொல்ல யாரும் தயங்கவில்லை. ஆனால் பையன்கள் எப்படியாவது பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பெண்களுக்காகத்தான் இந்தப் பக்கம் காலேஜ் வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார். பெண் என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் வாய் அடைத்துவிட்டது. சர்க்கார் காகிதத்தில் ஏறினால் நாளைக்கு எந்த மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போகுமோ என்று எல்லோருக்கும் பயம்.

எதிர்வீட்டில் என் கூடப் படித்தவள் இருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் அம்மா வாசலுக்கு வந்து, "எங்க பொண்ணு சின்னதுங்க, ஏழாவதோட நின்னுடுச்சு" என்றாள். அடுத்த வீட்டில் அக்கா தங்கை இரண்டு பேர். அங்கே கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளேயிருந்து மிளகாய் வறுக்கும் நெடி தெரு முழுக்க அடித்தது. அதிகாரி தும்மிக்கொண்டே இறங்கினார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு "இல்லீங்க"வும் காதில் விழ விழ காலேஜ் ஒரு படி தள்ளிப் போவது போலிருந்தது.

அப்பா பின்னாலேயே நடந்து வந்தார். அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் அ, ஆ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் ஒரு வீட்டில் இல்லை என்று சொன்ன பெண்ணை இருக்கிறாள் என்று அவர் எப்படிச் சொல்வார்? வாசலுக்கு வாசல் அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றேன். அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், படிச்ச பொண்ணுங்க வீட்டுக்கு வீடு இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தரையும் காணோமே" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "சரி, உங்க வீட்டுல?"

கதவிடுக்கில் அப்பா தெரிந்தார். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பொண்ணு... எட்டாவதோட நிறுத்திட்டோங்க" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அவர் மேல் கோபம் வரவில்லை, பரிதாபமாக இருந்தது. மனு எழுதியவரே படித்த பெண் இல்லை என்று சொல்லிவிட்டார். அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப திருவெறும்பூர்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அந்தப் பேனா மூடியதைப் பார்த்ததும் எனக்கு வந்த பயம் இருக்கிறதே, அதற்குமுன் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை. இனி எந்நாளும் நான் எட்டாவதுதான் என்று தோன்றியது. அம்மாவின் கையிலிருந்து முந்தானையை உருவிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். காப்பித் தட்டை அதிகாரி முன்னால் வைத்தேன்.

"நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்கேங்க. இங்க காலேஜ் வந்தா சேருவேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதிகாரி, "என்னம்மா சொன்னே?" என்றார். உயிரைக் கொடுத்து ஒருமுறை சொன்னதை இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் கொடுமை. இரண்டாவது தடவை அழுகையே வந்துவிட்டது. அதிகாரி பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். குமாஸ்தா காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை, பேசவும் இல்லை. அது அடியைவிட மோசமாக இருந்தது. பெண் வாய் நீளம் என்று லால்குடியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் என் படிப்பைச் சொன்னதால் கூடப் படித்தவர்களின் படிப்பும் வெளியே வந்துவிட்டதென்று தெருவில் எல்லா அம்மாக்களுக்கும் என்மேல் ஆத்திரம். என் கூடப் படித்த எதிர்வீட்டுப் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று, ஏழாவதாகவே. புருஷன் இங்கிலீஷ் பேப்பரைத் தப்புத் தப்பாகப் படித்துக் காட்டுவாராம், இவள் உம் கொட்டிக்கொண்டு இருப்பாளாம். பல வருஷம் கழித்து என்னிடம் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள்.

காலேஜ் எங்கள் பக்கம் வரவில்லை. தேவை இருப்பதாகத் தெரியவில்லை என்று கமிட்டி எழுதிவிட்டதாம். ஒரே ஒரு பெண்ணுக்காக யார் காலேஜ் கட்டுவார்கள்? அதற்குப் பின் பல மாதங்கள் அப்படியே போயின. காலேஜும் இல்லை, கல்யாணமும் இல்லை, நடுவில் மாட்டிக்கொண்டு வாசலில் யார் வந்தாலும் கொல்லைப்புறம் ஓடினேன். அந்தக் காலத்தில் வீட்டில் அதிகம் பேசியது கடிகாரம்தான்.

அடுத்த ஜூன் மாதம் ஒரு காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "கிளம்பு" என்றார். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா உள்ளே போய், என் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை முடிச்சோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாலத்தில் பஸ் ஏறியது. காவிரியில் புதுத் தண்ணீர் நுரையும் குப்பையுமாக வந்துகொண்டிருந்தது. அப்பா வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. நானும் முதன்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

டவுனில் காலேஜ் ஆபீஸ் ஜன்னலில் நீண்ட வரிசை. பளபளவென்று புடவை கட்டிய பெண்களுக்கு நடுவே நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எங்கள் முறை வந்தது. உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமல், "காலேஜ்ல சேர்ற பொண்ணு யாரு சார்? வந்திருக்கா? என்ன படிச்சிருக்கா?" என்றார்.

மறுபடியும் எட்டாவது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"இருக்கா" என்றார், வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில். "எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்கா. இதோ, எம் பொண்ணு இருக்கா."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பஸ்ஸில் பிடித்திருந்த மாதிரியே ஆபீஸ் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். ஆனால் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.