எங்கள் கரை கிளியர்

1997 பெப்ரவரி 12, புதன்கிழமை. காலை ஐந்தரைக்குக் கிணற்றில் குளித்தேன். ஏழரைக்குப் பாடசாலை. மூன்றரைக்கு ரியூட்டரியில் நான் எடுக்கும் ஆங்கில வகுப்பு, பதினொரு பேர்.

அன்றைய பாடம் ஒரு மரபுத்தொடர்: ‘த கோஸ்ட் இஸ் கிளியர்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால், கரை தெளிவாக இருக்கிறது. பொருளோ, பார்ப்பவர் எவருமில்லை, துணிந்து போகலாம் என்பது. ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னேன்.

பழுகாமத்திலிருந்து வாவி கடந்து வரும் ஒருத்தி, தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தவள், எங்கள் கரை கிளியர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். வாவிக்கு மேற்கே, படுவான்கரை, அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது; நாங்கள் இருந்த கிழக்குக் கரை இராணுவத்தின் கையில். இராணுவம் பிடித்த இடம் ‘கிளியர்’, பிடிக்காத இடம் ‘கிளியர் இல்லாதது’. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது.

“என்னகா, உங்கட கரைய எப்ப கிளியர் பண்ணினவங்க?” பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

“ராவு, நீ நித்திரை கொள்ளக்குள்ள.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் சரி போட்டேன்.

ஐந்தேகாலுக்கு, அவள் தோணியேறும் துறையடியில், இராணுவச் சென்றியில் அவளுடைய பயிற்சிக் கொப்பியைப் பிரித்திருக்கிறார்கள். ஆள் அனுப்பி என்னை அழைத்தார்கள். இதற்கு என்ன பொருள் என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். உண்மைப் பொருளைச் சொன்னால் அவளை விடமாட்டார்கள் என்று நினைத்தேன். வானிலையைப் பற்றியது, கடற்கரையில் மூட்டமில்லை, அவ்வளவுதான் என்றேன்.

அவர் மேசையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பினார். அவளிடம் முன்பே கேட்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

சுவரோர வாங்குப் பலகையில் இருந்தபடி அவள் என்னைப் பார்த்தாள்.

“நான் எழுதினது பிழையா சேர்?”

“ஓம் மகள், பிழை.”

“நீங்கதானே சேர் சரி போட்ட?”

அதிகாரி சிவப்புக் குறியை விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் போகச் சொன்னார். அவளைச் சொல்லவில்லை.

இன்றும் வகுப்பில் யாராவது ‘பிழையா சேர்?’ என்று கேட்டால் என் கை பேனாவோடு நின்றுவிடும்.

அன்றைய நாட்குறிப்பில் இருப்பது ஒரே வரி: ‘வகுப்பு நடந்தது. வரவு பதினொன்று.’

மறுநாள் காலை ஆறு மணிக்கு, முதல் வேலையாக, மற்றப் பத்துப் பேரின் வீடுகளுக்கும் சைக்கிளில் போய், கொப்பிகளை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்தேன். அவளைப் பற்றிக் கேட்கத் துறைக்கு அதன் பிறகுதான் போனேன்.